சாவி வேண்டாம்

தமயந்தி டீச்சரிடம் மேடையில் பேசப் பழக வந்தவர்களில் இருதயராஜ்தான் மூத்தவர். டீச்சருக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. அவளுக்கும் வலிப்பு, அவருக்கும் வலிப்பு. அந்த நோயைப் பற்றித் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேச, நோய் உள்ளவர்களையே அவள் தயார் செய்துகொண்டிருந்தாள்.

இருதயராஜ் தையல்காரர். மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை விழுந்தார். அன்றிலிருந்து, அளவெடுக்க அவர் நாடாவை நீட்டினால், "பழைய அளவே இருக்கட்டும்" என்று துணியை வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

எல்லாம் கற்றுக்கொண்ட பிறகும் மேடையேற மறுத்தார்.

"பேசிக்கிட்டிருக்கும்போதே விழுந்துட்டா என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க டீச்சர்?"

"ஞாயித்துக்கிழமை உங்க தெருவுலதான் கூட்டம். நீங்கதான் பேசுறீங்கண்ணே" என்றாள். 

ஞாயிறன்று மைக் முன்னால் நின்றார்.

"எனக்கு வலிப்பு இருக்கு. அது ஒட்டிக்கிற நோயில்ல..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அப்போது பின்னால் நாற்காலி சரிந்தது. டீச்சர் தரையில் கிடந்தாள். கை கால் வெட்டி இழுத்தது.

பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். கையில் இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று ஒருவன் சாவிக்கொத்தோடு ஓடிவந்தான்.

"சாவி வேண்டாம்!"

மைக்கில் வந்த குரல் தன்னுடையதுதானா என்று இருதயராஜுக்கே சந்தேகம்.

"வாயில எதையும் வைக்காதீங்க. கையைக் காலை அமுக்காதீங்க. யாராவது ஒரு துண்டை மடிச்சு அவங்க தலைக்குக் கீழ வைங்க. யாரும் ஓட வேணாம், தானா நிக்கும். அஞ்சு நிமிஷம் தாண்டினாதான் ஆஸ்பத்திரி."

சீக்கிரமே நின்றது.

"இப்ப மெதுவா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

சாவிக்கொத்துக்காரனே உட்கார்ந்து அப்படிச் செய்தான். போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "என் மகளுக்கும் இப்படித்தாண்ணே வருது. பள்ளிக்கூடம் அனுப்பலாமா?"

"தாராளமா அனுப்பு. மாத்திரையை மட்டும் நிறுத்தாத."

கேள்வி மேல் கேள்வி வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

கூட்டம் கலைந்தபின் டீச்சரின் அருகில் உட்கார்ந்தார்.

"இத்தனை பேர் முன்னாடி ஆயிடுச்சே டீச்சர்..."

"நான் கெடந்தப்ப என்னைப் பத்தி என்னண்ணே நெனச்சீங்க?"

"நெனைக்க என்ன இருக்கு? அடிபடாம எந்திரிச்சாப் போதும்னு இருந்துச்சு."

"இனிமே உங்க தெருவும் அதைத்தான் நெனைக்கும். நீங்கதான் சொல்லிக் குடுத்துட்டீங்களே."