கேமரா பக்கம் கட்டின கூடு

குளத்தோரமா ஒரு ஈச்சமரம். அதுல கீச்சான்னு ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கிட்டு இருந்தான். தூக்கணாங்குருவிங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. ஆண் கூடு கட்டுவான். பொண்ணு வந்து இழுத்துப் பாப்பா, ஆட்டிப் பாப்பா. பிடிச்சாத்தான் கல்யாணம். பிடிக்கலன்னா அடுத்த கிளைக்குப் போயிருவா, பேச்சே கிடையாது.

கீச்சானுக்குத் தவிட்டிமேல உசுரு. அந்த வருஷம் ஜோடி சேராத பொண்ணும் அவ ஒருத்திதான். மூணு நாள்ல மழைன்னு தவளைங்க வேற கத்த ஆரம்பிச்சிருச்சு.

அந்த நேரம் பாத்து வந்தான் மொட்டையன், குரங்கு. கையில சுற்றுலா வந்த யார்கிட்டயோ பிடுங்கின செல்போன். கீச்சான் புல்லு முடையறத வீடியோ எடுத்துக் காடு பூரா காட்டினான். முன்னூறு லைக்காம். எருமைகூட லைக் போட்டுச்சாம். எருமை எதையும் நிமிந்தே பாக்காதுங்கறது வேற விஷயம்.

அவ்வளவுதான். கீச்சான் ஒரு புல்லு சொருகுவான், லைக் எத்தனைன்னு ஓடிப்போய் எட்டிப் பாப்பான். மறுபடி ஒரு புல்லு, மறுபடி ஒரு எட்டு. மொட்டையன் உக்காந்த பக்கம் கூடு ஜம்முனு வளந்துச்சு. பூ சொருகி, மின்மினி ஒட்டி ஒரே அலங்காரம். பின்பக்கம் கேமரா இல்ல, அதனால புல்லும் இல்ல.

மூணாம் நாள் தவிட்டி வந்தா. முன்பக்கத்தப் பாத்து அசந்துபோய் உள்ள நுழைஞ்சா. நுழைஞ்ச வேகத்துல பின்னாடி வழியா வெளிய வந்து, கீழ நின்ன எருமை முதுகுல பொத்துனு உக்காந்தா.

"ஏம்ப்பா, பின்பக்கம் எங்க?"

"அது... வீடியோல தெரியாதுல்ல."

"நான் வீடியோலயா முட்டை வைக்கப்போறேன்?"

மொட்டையனுக்குச் சிரிச்சே வயிறு வலி. இது ஆயிரம் லைக் போகும், இன்னொரு தடவை விழச் சொல்லுன்னு கீச்சானக் கெஞ்சினான். கீச்சான் வானத்தப் பாத்தான். மேகம் கறுத்திருச்சு. தவிட்டி கிளம்ப றெக்கைய உதறினா.

"சாயங்காலம் வரைக்கும் இரு தவிட்டி. பிடிக்கலன்னா நீ போ, நான் ஒண்ணும் கேக்கல."

பறந்தான். புல்லக் கிழிச்சான், முடைஞ்சான், மறுபடி பறந்தான். லைக் எத்தனைன்னு ஒரு தடவகூடக் கேக்கல. தவிட்டி எருமை முதுகுலயே உக்காந்து, மேல இறுக்கு, கீழ ஓட்டைன்னு அதிகாரம் பண்ணினா. எருமையே அன்னைக்குத்தான் நிமிந்து பாத்துச்சு.

முதல் தூறல் விழுந்தப்ப தவிட்டி கூட்ட நாலு பக்கமும் இழுத்துப் பாத்தா, உள்ள போனா. வெளிய வரவேயில்ல!

மழை கொட்டுச்சு. தொப்பலா நனைஞ்ச மொட்டையன், உள்ள வந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கட்டுமான்னு கேட்டான்.

"முதல்ல உன் தலை நுழையுதா பாரு" உள்ளயிருந்து தவிட்டி சொன்னா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம்தான் கேட்டுச்சு.

பாக்குறவங்களுக்காகக் கட்டுனா ஒரு பக்கம்தான் வரும், குடியிருக்கறதுக்காகக் கட்டுனாத்தான் நாலு பக்கமும் வரும்.