கரைசலில் மிச்சம்

கடலோரத்து ஆலை ஒன்றில் இரண்டு கோபுரங்கள் இருந்தன. முதல் கோபுரத்தில் மேலிருந்து அமீன் என்ற ரசாயனக் கரைசல் வழியும், கீழிருந்து ஆலையின் புகை ஏறும். புகையிலுள்ள கரியமில வாயுவைக் கரைசல் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது கோபுரத்தில் நீராவியால் சூடேற்றினால் பிடித்ததை விட்டுவிடும். பிறகு மறுபடி முதல் கோபுரத்துக்குப் போகும். அதன் பிழைப்பே அதுதான்.

இரண்டாவது கோபுரத்தைப் பார்த்துக்கொண்டவர் தொம்மை. ஐம்பது வயது. அவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஆய்வகத்துச் செண்பகவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவர். கேலிக்கு ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார் தொம்மை. போகப் போக அதுவே மரியாதையாகிவிட்டது. தொம்மை வேலையில் கெட்டிக்காரர். சொன்னதைச் செய்வதோடு சொல்லாததையும் கொஞ்சம் செய்துவிடுவார், அதுதான் தொந்தரவு.

ஒருநாள் காலையில் செண்பகவல்லி கரைசலைச் சோதிக்க எடுத்தார். கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. தொம்மையை வரச் சொன்னார்.

“எத்தனை நாளா சூட்டைக் கூட்டி வச்சிருக்கீங்க அண்ணாச்சி?”

“பத்து நாளா.”

“ஏன்?”

“எவ்வளவு சூடேத்தி இறக்கினாலும் கொஞ்சம் வாயு கரைசலுக்குள்ளேயே நிக்குது டீச்சர். சுத்தமா போகட்டும்னுதான்.”

“சுத்தமா போயி என்ன ஆகணும்?”

தொம்மை சொன்ன பதில் கோபுரத்தைப் பற்றியதாக இல்லை.

அவருடைய மகள் அமலி போன ஐப்பசியில் இறந்துபோனாள். பதினோரு வயது. நாலு நாள் காய்ச்சல். அன்றிலிருந்து தொம்மை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். சைக்கிளை ஒருவருக்குக் கொடுத்தார், உடுப்புகளை வேறொருவருக்குக் கொடுத்தார், புத்தகங்களை எடைக்குப் போட்டார். கண்ணில் பட்டால்தானே வலிக்கும் என்று நினைத்தார். மனைவி ரெஜினா எதையும் தடுக்கவில்லை. அடுப்படியில் நின்று அழுதாள்.

“இன்னைக்குக் காலைல சுவத்துல இருந்த அமலி போட்டோவையும் கழட்டி வண்டிப் பெட்டில வச்சிட்டேன். ரெஜினா சண்டைகூடப் போடல. பையை எடுத்துச் சேலையை மடிச்சு வைக்கா.”

“எங்க போறாங்க?”

“மணப்பாட்டுக்கு, அவ அண்ணன் வீட்டுக்கு. இனி வரமாட்டாளாம். எல்லாத்தையும் எடுத்துட்டேன் டீச்சர். வலி போகலயே. இன்னும் எதைத்தான் எடுக்க?”

செண்பகவல்லி அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். அதற்குள் வெளிர்மஞ்சளாகக் கரைசல் இருந்தது.

“இது போன மாசம் எடுத்தது. நல்லா ஓடிட்டிருந்த சமயம். சூடேத்தி வாயுவை இறக்கின பிறகு எடுத்தேன்.”

ஒரு குடுவையில் கொஞ்சம் ஊற்றி, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். குமிழ்கள் கிளம்பின. நெடுநேரம் வந்துகொண்டே இருந்தன.

“இறக்கின பிறகும் இவ்வளவு வாயு இருக்கா?” என்று கேட்டார் தொம்மை.

“எப்பவும் இருக்கும். அதோடதான் மேல போயி, மறுபடி பிடிச்சிட்டு வந்துச்சு.”

இன்னொரு குடுவையில் அன்றைய கறுத்த கரைசலை ஊற்றி அதே போல அமிலம் விட்டார். இரண்டு மூன்று குமிழ் வந்தது. அவ்வளவுதான்.

“நீங்க கேட்ட மாதிரி இதுல ஒண்ணும் மிச்சமில்ல.”

“அப்ப இது இன்னும் நல்லாப் பிடிக்கணுமே.”

“நேத்து அளந்து பாத்தேன். பாதி வாயு பிடிபடாம வெளிய போவுது. இதுக்குத் தெம்பு இல்ல அண்ணாச்சி. வெந்துபோச்சு.”

தொம்மை குடுவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“கெட்டுப்போனது திரும்புமா டீச்சர்?”

“வெந்தது வெந்ததுதான். இப்பமே சூட்டைக் குறைச்சா மீதி தப்பும்.”

தொம்மை குடுவையை மேசையில் வைத்தார். எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தேகால்.

“பதினோரு மணிக்கு அவளுக்கு பஸ்,” என்றார் மெதுவாக.

“ஸ்டீமை நான் குறைக்கேன்,” என்றார் செண்பகவல்லி. “நீங்க போங்க.”