ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே

"வாத்தியாரே, எந்தக் குழல்லயும் அவ பாட்டு வரமாட்டேங்கு" என்றார் இசக்கிப்பாண்டி.

அவ என்றது இறந்துபோன மனைவி தங்கபுஷ்பத்தை.

வாத்தியார் கமருதீன் கல்யாணக் கச்சேரிகளில் புல்லாங்குழல் வாசிப்பவர். வயது நாற்பது. சீடருக்கு அறுபத்திரண்டு. பிடிவாதத்துக்கும் அதே வயது.

ஞாயிறு காலை ஆறரை மணி. கூடத்துப் பாயில் பதினோரு குழல்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டை, அதாவது ஒவ்வொரு சுருதி. பாட்டுக்கேற்ற குழல் வேண்டும் என்று யாரோ சொல்லப்போய், மனிதர் கடையையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"என்ன அவசரம் அண்ணாச்சி?"

"நாளைக்கு அவளுக்கு வருஷத் திதி. படத்து முன்னால அந்தப் பாட்டை வாசிக்கணும். மக கனகா ராத்திரி பெங்களூர்ல இருந்து வந்து உள்ள தூங்குதா. போன வாரம் போன்ல வாசிச்சுக் காட்டினேன். 'பாட்டு இருக்குப்பா, அம்மாவைக் காணோம்'னுட்டா."

"எந்தக் குழல்?"

"நாலு கட்டை. சினிமா ரெக்கார்டுல அதான்."

"மதினி ரெக்கார்டு மாதிரியா பாடுனாங்க?"

"இல்ல. அதைவிட உயரம். அஞ்சு கட்டையில கிட்ட வருது, உள்ள வரமாட்டேங்கு. அஞ்சரையில தாண்டிப் போயிருது." ஒரு குழலை எடுத்துப் பார்த்துவிட்டுப் பாயிலேயே வைத்தார். "ஒரு வருஷத்துல அவ குரலை மறந்துட்டேனோன்னு பயமா இருக்கு வாத்தியாரே."

முப்பத்தைந்து வருஷம் கூடவே இருந்து கேட்ட பாட்டு. கேட்கிறோம் என்று நினைத்து ஒரு நாளும் கேட்டதில்லை.

"எங்க நின்னு பாடுவாங்க?"

"அவ சும்மா எங்க நின்னா? ஞாயித்துக்கிழமை காலையில கிரைண்டர்ல மாவு போட்டாத்தான் பாட்டே வரும். தூங்க விடமாட்டேங்கியேன்னு மக கத்தும்."

கமருதீன் எழுந்து சமையலறைக்குப் போனார்.

மூலையில் கிரைண்டர். மேலே பழைய சேலைத் துணி, அதன்மேல் ஒரு வருஷத்துத் தூசி. இப்போதெல்லாம் இந்த வீட்டுக்கு மாவு பாக்கெட்டில்தான் வருகிறது.

துணியை எடுத்தார். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். சுவிட்சைப் போட்டார்.

கல் சுற்றியது. ஒரே சீராக இரைந்தது.

பின்னாலேயே வந்த இசக்கிப்பாண்டி வாசல்படியில் நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"மதினிக்குச் சுருதிப்பெட்டி இதுதான் அண்ணாச்சி. அஞ்சை எடுத்து வாசிங்க."

வாசித்தார். குழல் இரைச்சலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

கமருதீன் ஒற்றை விரலால் குழலை உதட்டிலிருந்து வெளிப்பக்கமாக எள்ளளவு திருப்பினார்.

குழலின் சுருதி ஓர் இழை ஏறி, இரண்டும் சேர்ந்துகொண்டன.

முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடி பாதிகூட ஆகவில்லை, உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. தூக்கம் கலையாமலே எரிச்சலாக ஒரு குரல் வந்தது.

"யம்மா... ஞாயித்துக்கிழமைகூட தூங்க விடமாட்டியா?"