மலைக்கொழுந்துக்கு வகுப்பு வைத்த பெயர்

“எனக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை, மேடம்.”

மலைக்கொழுந்து இதைக் கையால் சொன்னார். கோபத்தில் சொன்னதால் கை சற்று அகலமாகப் போய், மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டது.

மங்கையர்க்கரசி மேடம் குவளையை நிமிர்த்தினார். ஈரத்தைத் துடைத்தார். 

ஞானக் கதைகளில் குருமார்கள் சைகையில் பதில் சொல்வது வழக்கம். அது ஆழமாகத் தெரியும் என்பது ஒரு காரணம். அப்படிச் சொல்லவே இல்லை என்று பிற்பாடு மறுத்துவிடலாம் என்பது இன்னொரு காரணம். மேடத்துக்கு இந்த இரண்டும் இல்லை. பிறந்ததிலிருந்தே அவருக்குக் காது கேட்காது. சைகை அவருடைய மொழி. அதில் அவர் நல்ல வாயாடி.

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தொன்று.

மலைக்கொழுந்து பன்னிரண்டு வருடம் டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சிறப்புக் கல்வி படிக்க வந்தவர். கல்லூரியில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சைகை மொழியில் நீ, நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விரல்தான் என்று தெரிந்தபோது முதல் வாரம் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

கல்லூரிச் சுவருக்கு அந்தப் பக்கம் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மூன்று மூன்று பேராகப் பிரிந்து, குழுவுக்கொரு வகுப்பில் பதினெட்டு நாள் உட்கார்ந்து குழு ஆய்வு செய்ய வேண்டும். மலைக்கொழுந்தின் குழுவில் ரெஜினா, சாதிக். கிடைத்தது ஆறாம் வகுப்பு. பதினான்கு பிள்ளைகள்.

அறிக்கை தயார். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் முப்பத்தாறு அட்டவணைகள்.

முதல் பக்கத்தில்தான் சிக்கல். அங்கே ஒவ்வொருவருக்கும் மூன்று கட்டங்கள். பெயர். பதிவெண். வகுப்பு வைத்த பெயர்.

மூன்றாவது கட்டம் மேடம் சேர்த்தது. காது கேளாதவர்கள் ஓர் ஆளைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருப்பதில்லை. அவரிடம் கண்ணில் பட்ட ஏதோ ஒன்றைப் பிடித்து, ஒரே அசைவில் பெயராக்கிவிடுவார்கள். ரெஜினாவின் பெயர் மூக்கைச் சுருக்குவது. அவள் சிரித்தால் மூக்குச் சுருங்கும். சாதிக்கின் பெயர் முன்பல்லை விரலால் தட்டுவது. அங்கே ஒரு சந்து இருக்கிறது. மேடத்தின் பெயர் கன்னத்தில் விரலைக் குத்தித் திருகுவது. குழி விழும் கன்னம்.

அந்தக் கட்டம் மூவருக்கும் நிரம்பினால்தான் மேடம் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இருந்தால்தான் வெள்ளிக்கிழமை தேர்வு. தேர்வுக்குப் போகாத குழு அடுத்த வருடம் மறுபடியும் வர வேண்டும். ரெஜினாவுக்கு ஜூன் மாதம் சொந்த ஊரில் வேலை காத்திருந்தது.

இன்று திங்கட்கிழமை.

“பதினெட்டு நாளும் நான்தான் முதல் ஆளாகப் போனேன்” என்றார் மலைக்கொழுந்து. “அறிக்கையில் எண்பது பக்கம் என் கை.”

மேடம் அறிக்கையைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“மாணவர் ஒன்பது. யார் இது?”

“வயது பன்னிரண்டு. பிறவியிலேயே கேளாமை. மணிக்குச் சராசரியாக நாற்பத்தொரு முறை ஆசிரியரைப் பார்க்கிறான்.”

“ஆள் யார்?”

“பெயரை வெளியிடக் கூடாது, மேடம். ஆய்வு நெறி.”

“அறிக்கையில் வெளியிடக் கூடாது. சரிதான். என்னிடம் சொல்லலாம்.”

மலைக்கொழுந்து பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார்.

மேடம் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“பட்டியல் இல்லாமல்.”

மலைக்கொழுந்து மின்விசிறியைப் பார்த்தார். அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு, “நானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார்.

மேடம் சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது.

“டியூஷனில் உங்கள் பட்டப்பெயரை நீங்களா வைத்தீர்கள்?”

“எனக்குப் பட்டப்பெயரே கிடையாது, மேடம்.”

வாசலில் நின்ற சாதிக் இருமினான்.

வராந்தாவுக்கு வந்ததும் மலைக்கொழுந்து அவனைப் பிடித்துக்கொண்டார். “என்ன தம்பி இருமல்?”

“எங்க சித்தப்பா மவன் ஒங்ககிட்டதான் படிச்சான் அண்ணாச்சி.”

“அதுக்கு?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி.”

“எனக்கு ஏதும் பேரு வச்சிருந்தானுவளா?”

“அத விடுங்க அண்ணாச்சி. நல்ல பேருதான். வீட்ல பெரியாளுக இருந்தா மட்டும் சொல்ல முடியாது.”

ரெஜினாவின் மூக்குச் சுருங்கியது. உடனே நேரானது.

“அண்ணாச்சி, சிரிக்கிற நேரமா இது? வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படியாவது ஒரு பேரு வாங்கிட்டு வாங்க. எங்க அம்மா தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கா, மக டீச்சராயிட்டான்னு.”

“வாங்கிருவோம் ரெஜினா. பேரு என்ன பெரிய விஷயம்?”

அன்று மாலை வீட்டுக் கண்ணாடி முன் நின்று அவர் ஒரு பெயர் செய்தார். இரு கைகளையும் கூப்பிய மாதிரி உயர்த்தினால் மலை. அதன் உச்சியில் இரண்டு விரல் முளைத்தால் கொழுந்து. எதிலும் பிழையில்லை. இலக்கணப்படி பார்த்தால் நேர்த்தியான பெயர்.

செவ்வாய்க்கிழமை ஆறாம் வகுப்பின் முன் நின்று அதைச் செய்து காட்டினார்.

பதினான்கு பேரும் மரியாதையாகப் பார்த்தார்கள். முன்வரிசைப் பையன் ஒருவன் சற்று யோசித்தான். பிறகு நான்கு விரலைக் காட்டினான். பத்துக்கு நான்கு.

மலைக்கொழுந்து குனிந்து நோட்டில் எழுதினார்: ‘மாணவர் 9. மதிப்பிடும் போக்கு உண்டு.’

புதன்கிழமை கடலைமிட்டாய் வாங்கிப் போனார். பிள்ளைகள் தின்றார்கள். நன்றி சொன்னார்கள். பெயர் எதுவும் வரவில்லை. அவர் நோட்டில், ‘பதினான்கு மாணவர்கள், இருபத்தெட்டு மிட்டாய்கள், மூன்று நிமிடம்’ என்று எழுதிவிட்டு நேராக மேடத்திடம் போனார்.

“மேடம், நீங்களும் காது கேளாதவர்தான். நீங்களே எனக்கு ஒரு பெயர் வைக்கலாம். முறைப்படி செல்லும். நான் படித்துப் பார்த்துவிட்டேன்.”

“செல்லும்” என்றார் மேடம்.

“வையுங்கள்.”

மேடம் எழுந்து வந்தார். மலைக்கொழுந்தின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார். கையிலிருந்த நோட்டை வாங்கினார். கையை நீட்டிக்கொண்டே நின்றார். மலைக்கொழுந்து யோசித்துவிட்டு செல்போனையும் கொடுத்தார்.

மூன்றும் மேசை இழுப்பறைக்குள் போயின. மேடம் பூட்டினார்.

“வெள்ளிக்கிழமை காலை வாருங்கள்.”

“நாளைக்கு ஏதாவது குறிப்பெடுக்க வேண்டியிருந்தால்?”

மேடம் சாவியைக் கைப்பைக்குள் போட்டார்.

வியாழக்கிழமை மலைக்கொழுந்து ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வெறுங்கையோடு உட்கார்ந்தார். வலது கை அடிக்கடி சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லாததால் திரும்பி வந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் தொடையின்மேல் வைத்தார். கண்ணை வைக்க வேறு இடம் கிடைக்காமல் நேரே பார்த்தார்.

வகுப்பில் எக்கச்சக்கமான சத்தம்.

சத்தம் என்பதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை. ஜன்னலோரம் இரண்டு பேர் ஒரு ரன் அவுட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மூன்று பெஞ்சுக்கு அப்பால் இருந்தவளுக்கு அக்கா கல்யாணத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் வேனை விட்டு இறங்கியிருந்தார்கள். நான்கு விரல் காட்டிய பையன் தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடி தேடுவதை நடித்துக் காட்டினான். அவனைச் சுற்றி ஐந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உச்சந்தலையில் இரண்டு விரலால் சுழித்தால் அவன் பெயர். அவனுக்கு இரட்டைச் சுழி.

பதினெட்டு நாளும் இதே அறையில்தான் மலைக்கொழுந்து இருந்தார். அறிக்கையின் நாற்பத்தேழாம் பக்கத்தில், ‘வகுப்பறைச் சூழல் பொதுவாக அமைதியானது’ என்று எழுதியிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட உட்கார்ந்த கட்டத்தில், கல்யாணக்காரி கதையை நிறுத்தினாள். அறை முழுக்கக் கண்ணை ஓட்டினாள். இரட்டைச் சுழியைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

இடது உள்ளங்கையை நோட்டுப்போல விரித்தாள். வலது விரலை அதன்மேல் பரபரவென்று ஓட்டினாள். முகவாயை மார்போடு ஒட்டிவைத்தாள். பிறகு, “எங்கே?”

“அதோ” என்று இரட்டைச் சுழி கடைசி பெஞ்சைக் காட்டினான். “பேனாவை யாரோ பிடுங்கிவிட்டார்கள். பாவம், சும்மா இருக்கிறது.”

மலைக்கொழுந்து தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் சுவர்.

அவர் எழுந்து போய் இரட்டைச் சுழியின் எதிரே நின்றார். தம்மைச் சுட்டிக் காட்டினார். உள்ளங்கையை விரித்து, விரலை ஓட்டி, தலையைக் குனிந்தார்.

“நானா?”

“நீதான்.”

“எப்போதிலிருந்து?”

“முதல் நாள். முதல் பீரியட்.”

“எல்லோருக்கும் தெரியுமா?”

இரட்டைச் சுழி வகுப்பைப் பார்த்துக் கையசைத்தான். பதினான்கு உள்ளங்கைகள் விரிந்தன. பதினான்கு தலைகள் குனிந்தன. ஏழாம் வகுப்பிலிருந்து சாக்பீஸ் வாங்க வந்தவனும் வாசலில் நின்றபடியே குனிந்தான்.

மலைக்கொழுந்து இன்னொரு முறை செய்து பார்த்தார்.

கல்யாணக்காரி தலையை ஆட்டினாள். “தப்பு. இன்னும் கீழே.”

குனிந்தார்.

“இன்னும்.”

முகவாய் சட்டைப் பொத்தானில் இடித்தது.

“ம். அவ்வளவுதான்.”

வெள்ளிக்கிழமை காலை மேடம் வருவதற்கு முன்பே மலைக்கொழுந்து அறை வாசலில் நின்றார். மேடம் பூட்டைத் திறக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. படியிலேயே பெயரைச் செய்து காட்டினார்.

மேடம் தலையசைத்தார். உள்ளே போய், இழுப்பறையைத் திறந்து, முதலில் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

“கட்டத்தை நிரப்புங்கள்.”

மலைக்கொழுந்து பேனாவை வாங்கவில்லை.

“மேடம், இது உங்களுக்கு முன்பே தெரியுமா?”

“முதல் நாள் சாயங்காலமே.”

“தெரிந்துமா என்னிடம் சொல்லவில்லை?”

“சொன்னேனே.”

“எப்போது?”

“தினமும். உங்களை மேற்பார்வையிட வகுப்புக்குள் வரும்போது உங்கள் எதிரே நின்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்.” மேடம் சற்று நிறுத்தினார். “நீங்கள் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.”

மலைக்கொழுந்து பேனாவை வாங்கிக்கொண்டார். கட்டத்தில் எழுதினார். நாற்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டி ஒரு வரியை அடித்தார். மேடம் கையெழுத்துப் போட்டார்.

தேர்வு பத்து மணிக்கு. இந்தக் கல்லூரியில்கூட அதற்கு வாய்மொழித் தேர்வு என்றுதான் பெயர். ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது மேடத்தின் இன்னொரு ஏற்பாடு. கடைசி வரிசையில் பதினான்கு பேர். பேசப்படுவதை ரெஜினா ஓரமாக நின்று அவர்களுக்குக் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அறிக்கையின் முதல் பக்கத்தைத் திறந்தார்.

“குழுத் தலைவர் யாரு?”

மலைக்கொழுந்து எழுந்தார்.

“ஒங்க பேரு?”

“மலைக்கொழுந்து, சார்.”

“சரி. இந்த மூணாவது கட்டத்துல என்னமோ எழுதியிருக்கே?”

“அதுவும் என் பேருதான், சார். எழுதினாப் போதாது. பாக்கணும்.”

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். தேர்வாளரைத் தாண்டிக் கடைசி வரிசையைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார். உள்ளங்கையை விரித்தார். விரலைப் பரபரவென்று ஓட்டினார். பிறகு, பட்டமளிப்பு விழாவில் தொப்பி வாங்குகிறவரைப் போல, முகவாய் சட்டைப் பொத்தானில் இடிக்கும்வரை தலையை இறக்கினார்.

கண் மட்டும் மேலே இருந்தது.

கடைசி வரிசையில் இரட்டைச் சுழி எழுந்தான். சற்று யோசித்தான். இரண்டு கைகளையும் தூக்கினான். பத்து விரலும் விரிந்திருந்தன.