ஒரே நிறத்து ஒயர்

"எல்லாக் கருவியும் வாங்கிட்டேன் டீச்சர். ரயில்தான் ஓட மாட்டேங்குது."

மாசிலாமணி பையை மேசைமேல் கவிழ்த்தார். டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொன்மலையில் ஆக்னஸ் டீச்சர் வீட்டு மாடியில் உள்ளங்கை நீளத்துக்கு ரயில்கள் ஓடுகின்றன என்று யாரோ சொல்ல, விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். டீச்சருக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு.

ரம்பம், இடுக்கி, குறடு, ஈயம் பற்றவைக்கும் கோல். எல்லாம் கடைப் பளபளப்பு மாறாமல் கிடந்தன.

"புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு இதுல எது முக்கியம்?"

டீச்சர் ஒரு சாண் தண்டவாளத்தை வெட்டி அவர் கையில் கொடுத்தார். கூடவே ஒரு சின்ன அரம்.

"முனையைத் தேய்ங்கண்ணே."

"எவ்வளவு நேரம்?"

"விரல் சொல்லும்."

தேய்த்தார். அதை இன்னொரு துண்டோடு சேர்த்து, மேலே ஒரு ரயில் பெட்டியை வைத்துத் தள்ளினார். இணைப்பில் துள்ளிக் கவிழ்ந்தது.

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே?"

"கண்ணை மூடிக்கிட்டுத் தடவுங்க."

தடவினார். நகத்தில் ஏதோ தட்டியது. மறுபடி தேய்த்தார்.

பெட்டி சத்தமில்லாமல் இணைப்பைக் கடந்த அன்று, காபி ஆறுவது தெரியாமல் அதையே முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"டிரைவர் முதுகைப் பார்த்தே என் சர்வீஸ் முடிஞ்சுபோச்சு" என்றார் திடீரென்று. "விசில் நான் ஊதுவேன். வண்டி இன்னொருத்தர் கையில."

"இன்ஜின் ஓட்ட ஆசையா?"

மாசிலாமணி பெட்டியை நிறுத்தினார்.

"ஆசைன்னு சொன்னா அது சின்னதா இருக்கு டீச்சர்."

பிறகு ஒயர் வேலை வந்தது.

"தண்டவாளத்துல அங்கங்க கரண்ட் போகணும். சிவப்பு ஒயர் வட்டத்தோட உள் பக்கம், பச்சை வெளிப் பக்கம். மாறிடக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீச்சர் கீழே போனார்.

மாசிலாமணி ஒயர்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். யாரும் இல்லையே என்று வாசலையும் ஒருமுறை பார்த்தார். அப்புறம், வருவது வரட்டும் என்று இணைத்துவிட்டார்.

டீச்சர் வந்து கரண்ட் கொடுக்கும் குமிழைத் திருப்பினார். டிக்கென்று கரண்ட் நின்றது.

"ஒரு இடத்துல மாத்திக் கொடுத்திருக்கீங்கண்ணே."

மாசிலாமணி பிரித்து மறுபடி இணைத்தார். மறுபடியும் டிக்.

மாசிலாமணி கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட ஆரம்பித்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எனக்கு வராது டீச்சர்."

"ஏன்?"

"ரயில்வேல அன்னைக்கே சொல்லிட்டாங்க." அவர் நிமிரவில்லை. "பரீட்சையெல்லாம் பாஸ். கடைசியா டாக்டர் ஒரு புஸ்தகத்தை விரிச்சார். பக்கம் பூரா புள்ளி. உள்ள என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்டார். எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சது. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணு. சருகு மாதிரி ஒரு நிறம். வீட்டுல இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. வேலை கிடைக்கலைன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்."

டீச்சர் தண்டவாளம் பதித்த பலகைக்கு அடியில் குனிந்தார். சிவப்பும் பச்சையுமாக இருந்த ஒயர் அத்தனையையும் பிடுங்கிப் போட்டார். அலமாரியிலிருந்து கறுப்பு ஒயர்ச் சுருள் ஒன்றை எடுத்து வந்து, துண்டு துண்டாக நறுக்கி, எல்லா இடத்திலும் அதையே பற்றவைத்தார்.

பலகைக்கு அடியில் கறுப்பு ஒயர்கள் விழுதாகத் தொங்கின. எது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது.

"இப்ப எனக்கும் தெரியாது" என்றார் டீச்சர். "வாங்க, தேடுவோம்."

தொடர்பு இருந்தால் சத்தம் போடும் மீட்டரின் ஒரு முனையை டீச்சர் மேலே உள் பக்கத்துத் தண்டவாளத்தில் வைத்தார். மறு முனையோடு மாசிலாமணி பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஒவ்வொரு ஒயராகத் தொட்டார்.

"சத்தம் வருதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லண்ணே."

"இப்ப?"

பீப் என்றது.

உள் பக்கத்து ஒயருக்கெல்லாம் ஒரு முடிச்சு போட்டார். வெளிப் பக்கத்தை அப்படியே விட்டார். முதுகு வலித்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. கடைசி ஒயரைச் சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது சட்டையெல்லாம் தூசி.

"நீங்களே திருப்புங்க" என்றார் டீச்சர்.

திருப்பினார்.

இன்ஜின் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்துவிட்டு நகர்ந்தது.

மாசிலாமணி மண்டியிட்டார். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோனார். வளைவு வருமுன் யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைத்தார். வளைந்தது. அவர் முகத்துக்கு நேராக வந்தது. கடந்து போனது. திரும்ப வந்தது.

அவர் நிறுத்தும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"ஓட்டிட்டீங்க. ஆசை தீர்ந்துதா?"

மாசிலாமணி குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இல்ல டீச்சர். ஜாஸ்தியாயிடுச்சு. இது இங்கேயே சுத்திச் சுத்தி வருது. எங்கேயாவது போகணும் போல இருக்கு."

டீச்சர் உள் அறைக்குப் போனார். எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. நீளமான வெற்றுப் பலகை ஒன்று கதவில் இடித்துக்கொண்டு வெளியே வந்தது.

"அந்த முனையைப் பிடிங்கண்ணே, கனக்குது."