ஒருவரும் வெளியேறாத சிம்

மேஸ்திரி காலை ஆறு மணிக்கு அழைத்தால்தான் திசையன்விளை பெயின்டர் சூசைக்கு அன்று வேலை. மலிவு என்று வாங்கிய சிம்மில் சிக்னல் கிடைக்கவில்லை. ஒரே வாரத்தில் மூன்று நாள் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. மேஸ்திரியிடம் இருக்கும் அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம் என்று அந்த சிம் நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனார்.

மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த விலைக்கு எவன்யா தருவான்? உங்க ஊர்ல நாலாயிரம் பேர் எங்க சிம் வச்சிருக்கான். இந்த வருஷம் ஒருத்தனாவது வெளிய போயிருக்கானா? ஏன் போகலன்னு நீயே சொல்லு பாப்போம்."

"வெளிய போக என்ன சார் செய்யணும்?"

"இதே சிம்ல இருந்து ஒரு மெசேஜ் அனுப்பணும். பதிலுக்கு ஒரு கோடு நம்பர் வரும், அதைப் புது கம்பெனில குடுக்கணும்."

"அதான் சார் காரணம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேலாளர் சூசையின் போனைப் பிடுங்கிக்கொண்டு நடுரோடு வரை போய், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஒருவழியாக மெசேஜை அனுப்பினார்.

மெசேஜ் அனுப்பியதிலிருந்து கோடு நம்பர் நான்கு நாள்தான் செல்லும். சூசைக்கு அது ஐந்தாம் நாள் வந்தது. மேஸ்திரி அதற்குள் அவருடைய எண்ணைத் தன் போனிலிருந்து அழித்திருந்தார்.