பூனை மருமகளுக்கு ஒரு கம்பளித் திரை

முன்னொரு காலத்தில் முகில்மலை நாட்டை ஒளிவளவன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். 'உன் கோட்டையில் இருளே இல்லை' என்று எந்தப் புலவனோ பாடிவிட்டுப் போக, அன்றே ஆணை போட்டுவிட்டான். கோட்டைக்குள் விடிய விடிய விளக்கெரிய வேண்டும், எவனாவது விளக்கை அணைத்தால் நாடு கடத்தல்! திரி தூண்டவே முந்நூறு பேர். அவர்களுக்குத் தலைவர் விளக்கு அதிகாரி குணாளர். அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் சூரியனுக்கே அவர்தான் எண்ணெய் ஊற்றுகிறார் என்று தோன்றும்.

அந்தச் சமயத்தில், வடக்கே பனிமலைக்கு அப்பாலிருந்து வந்த வணிகன் ஒருவன் ஒரு ஜோடி காட்டுப்பூனைகளைக் காணிக்கை கொடுத்தான். தட்டை முகம், குட்டைக் கால். ராஜா சொக்கிப்போனான்.

"இவை குட்டி போட வேண்டும்!" என்றான்.

"முதலில் கல்யாணம் செய்துவைப்போம், பிரபு" என்று குணாளர் முந்திக்கொண்டார்.

வெட்கங்கெட்ட யோசனைதான். ஆனால் ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. முகூர்த்தம் குறித்தார்கள், மேளம் கொட்டினார்கள். மாப்பிள்ளைப் பூனை புரோகிதரின் விரலைக் கடித்தது. "சுப சகுனம்!" என்றார் குணாளர். பெண் பூனையை அரண்மனை மருமகளாக ஏற்றதாக ராஜா சபையில் அறிவித்தான்.

பூனைகளைப் பராமரிக்க வீராயி என்பவளை வைத்தார்கள். மலையடிவாரத்துக்காரி, ஆடுமாடுகளோடு வளர்ந்தவள், வாயும் கொஞ்சம் நீளம். ராஜா அவளிடம் நேரிலேயே பேசுவதைக் கண்டு குணாளருக்கு வயிறு எரிந்தது. இரண்டு குளிர்காலம் போயும் குட்டி பிறக்கவில்லை என்றதும், "அவள் கைராசி சரியில்லை, பிரபு" என்று ஓதினார்.

ராஜா வீராயியைக் கூப்பிட்டான். "சித்திரை பிறப்பதற்குள் குட்டி வேண்டும். இல்லையென்றால் நீ இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது."

அப்போது ஆவணி. பிறந்த மண்ணை விட்டு எங்கே போவது? வீராயி அழுதாள். அழுது முடித்துப் பூனைகளின் முடியைக் கோதிக்கொண்டே யோசித்தாள். குளிர் வந்தால் மலையாட்டுக்கே முடி அடர்கிறது, இந்தப் பனிமலைப் பூனைகளுக்கு இரண்டு வருஷமாக அதே மெல்லிய முடி. வணிகன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவன் ஊரில் குளிர்காலத்துச் சூரியன் தலையைக் காட்டிவிட்டு உடனே ஒளிந்துகொள்ளுமாம், பனி உருகும்போது குட்டி பிறக்குமாம்.

"அட கடவுளே! விளக்கு வெளிச்சத்துல இதுகளுக்கு இன்னும் கோடையே முடியலை!"

விளக்கை அணைத்தாலும் நாடு கடத்தல், அணைக்காவிட்டாலும் நாடு கடத்தல். மறுநாள் சபைக்குப் போனாள்.

"மகாராஜா, உங்க மருமக சார்பா ஒரு வழக்கு கொண்டாந்திருக்கேன்."

சபை சிரித்தது. "என்ன வழக்கு?"

"அந்தப்புரத்து ராணியம்மாக்களுக்குத் திரை உண்டுதானே?"

"உண்டு."

"உங்க மருமகளுக்கு நாலு பக்கமும் கம்பி. போறவன் வர்றவனெல்லாம் எட்டிப் பாக்கறான். கூச்சப்படாதா புதுப்பொண்ணு?"

"பூனைக்குத் திரையா!" என்று குணாளர் கத்தினார்.

"முகூர்த்தம் குறிச்சுக் கல்யாணம் நடத்துனது நீங்கதானே ஐயா? அது பொய்க் கல்யாணமா?"

பொய் என்றால் ராஜாவே ஏமாந்தவன் என்றாகிவிடும். "மெய்க் கல்யாணம்தான்!" என்றார் குணாளர் அவசரமாக.

"கனமான கம்பளித் திரையாகக் கொடுங்கள்!" என்றான் ராஜா. "இழுப்பதும் திறப்பதும் அந்தப்புர வழக்கப்படி மருமகள் இஷ்டம்."

மருமகளின் இஷ்டத்தை வீராயிதானே சொல்ல வேண்டும்! ஆண் பூனையைத் தனிக் கூண்டில் விட்டு அதற்கும் திரை கட்டினாள். நாளுக்கு நாள் திரையைச் சீக்கிரமாக இழுத்து, மெதுவாகத் திறந்தாள். பகல் சுருங்கச் சுருங்க இரண்டுக்கும் முடி புசுபுசுவென்று அடர்ந்தது. மார்கழிக்குப் பிறகு பகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினாள். தையில் ஆண் பூனை கண்ட இடத்திலெல்லாம் நாற்றமாக மூத்திரத்தைப் பீய்ச்சியது. பெண் பூனை தரையில் புரண்டு புரண்டு கூப்பிட்டது. மூன்றே நாள்தான் அந்தப் பருவம் என்று அவளுக்கு அப்போது தெரியாது, ஆனாலும் தாமதிக்காமல் கதவைத் திறந்து இரண்டையும் சேர்த்துவிட்டாள். பிறகு பெண் பூனையின் வயிறு பெருப்பதை யாருக்கும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக் கொண்டாடினாள்.

பங்குனி கடைசி நாள் மாலை குணாளர் திரை இடுக்கில் எட்டிப் பார்த்தார். கும்மிருட்டு! ஓடிப்போய் ராஜாவை இழுத்துவந்தார்.

"பாருங்கள் பிரபு, கோட்டைக்குள் இருட்டு! ராஜத்துரோகம்!"

ராஜா கண் சிவக்கத் திரையை விலக்கினான். "வீராயி! என்ன இது?"

"மெல்லப் பேசுங்க மகாராஜா. பேரப்பிள்ளைங்க தூங்குது."

ஐந்து குட்டிகள், தாயின் மடியில் முட்டிக்கொண்டு கிடந்தன. ராஜாவின் குரல் இறங்கிவிட்டது. வீராயி நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்படியானால் இரண்டு வருஷமாகக் குட்டி பிறக்காமல் தடுத்தது என் ஆணையா?"

"ஆணையில குத்தமில்லை மகாராஜா. பூனைகளுக்குத்தான் அதை மதிக்கத் தெரியலை. ராஜா கோடைன்னு சொன்னாலும் அதுகளுக்குக் குளிர்காலம் வேண்டியிருக்கு."

ராஜா வெட்கப்பட்டான், பிறகு வாய்விட்டுச் சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வீராயிக்குப் போட்டான். "குணாளரே, இன்று முதல் இந்தத் திரையை இழுப்பதும் கூண்டைக் கழுவுவதும் உம் வேலை. வீராயி சொல்கிறபடி கேளும்" என்றான். ஆண் பூனை அவர் வேட்டியிலேயே முதல் மரியாதையைப் பீய்ச்சியது. கோட்டை விளக்குகளையும் அன்றே அணைக்கச் சொன்னான் ராஜா.

மறுநாள் சித்திரை ஒன்று, வீராயியை நாடு கடத்தக் குறித்திருந்த நாள். வெயில் ஏறியும் சபை கூடவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இரவில் இருட்டு கிடைத்த சுகத்தில் காவலர் தூங்கினார்கள், சமையல்காரர் தூங்கினார்கள், ராஜா குறட்டையே விட்டான். கடத்துவதற்குக்கூட ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வீராயி மட்டும் முத்துமாலையோடு உட்கார்ந்து குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.